இந்திய அரசமைப்புச் சட்டமும் நம்ம உரிமைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்ல. எங்க ஏரியால பட்டா, ரேஷன் கார்டு, போலீஸ் புகார்னு யாருக்காவது மனு எழுதணும்னா எங்க வீட்டுக்கு வருவாங்க, அப்படி பல வருஷமா எழுதி எழுதி, ஜனங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள சேத்து வச்சது தான் இது. கேஸுன்னு வந்துட்டா கண்டிப்பா ஒரு வக்கீல பாருங்க, ஆனா வக்கீல பாக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம் நெறைய இருக்கு.

அரசமைப்புச் சட்டம்னா என்ன? மத்த சட்டத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஹெல்மெட் போடு, திருடாத, வரி கட்டுன்னு மத்த சட்டமெல்லாம் நம்மள பாத்து பேசும். இது அரசாங்கத்த பாத்து பேசற சட்டம். நீ எப்படி தேர்ந்தெடுக்கப்படணும், உன் அதிகாரம் எது வரைக்கும், ஒரு மனுஷன் கிட்ட நீ எத செய்யவே கூடாதுன்னு சொல்ற சட்டம். நாடாளுமன்றம் போட்ட சட்டமா இருந்தாலும் சரி, சட்டசபை போட்டதா இருந்தாலும் சரி, அது அடிப்படை உரிமைய மீறுச்சுன்னா செல்லாதுன்னு 13வது பிரிவு சொல்லுது. ஃபேஸ்புக்ல எதாவது எழுதினா கைது பண்ண தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்துல 66ஏ ன்னு ஒரு பிரிவு இருந்துச்சு ஞாபகம் இருக்கா, "எரிச்சலூட்டும்" பதிவுன்னா கூட கேஸ் போடலாம், அத 2015ல ஷ்ரேயா சிங்கால் வழக்குல உச்ச நீதிமன்றம் மொத்தமா தூக்கிடுச்சு. வழக்கு போட்ட ஷ்ரேயா தீர்ப்பு வந்தப்போ சட்டம் படிச்சிட்டிருந்த பொண்ணு.

இத அம்பேத்கர் ஒருத்தரே எழுதினாரா?

அரசமைப்பு நிர்ணய சபை 1946 டிசம்பர் 9ல மொத தடவ கூடுச்சு, 1949 நவம்பர் 26ல சட்டத்த ஏத்துக்கிட்டாங்க, 1950 ஜனவரி 26ல அமலுக்கு வந்துச்சு. சபையில முன்னூறு பேருக்கு கிட்ட இருந்தாங்க, ஒவ்வொரு வரிக்கும் விவாதம் நடந்துச்சு. வரைவுக் குழுவுல 7 பேர், தலைவர் அம்பேத்கர். ஆனா அந்தக் குழுவுல இருந்த நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரியே சபையில எழுந்து சொன்னாரு, ஒருத்தர் ராஜினாமா, ஒருத்தர் இறந்துட்டாரு, ஒருத்தர் அமெரிக்கால இருக்காரு, கடைசில மொத்த சுமையும் அம்பேத்கர் தலையிலயே விழுந்துச்சுன்னு. அதனால சபை சேர்ந்து செஞ்சதுங்கறதும் உண்மை, பெரும்பாரத்த தூக்கினது அம்பேத்கர்ங்கறதும் உண்மை. சபையில பெண்கள் 15 பேர், அதுல சென்னை மாகாணத்துல இருந்து போன தாட்சாயணி வேலாயுதன் தான் ஒரே தலித் பெண் உறுப்பினர். இந்தப் பேர நம்ம பிள்ளைங்களுக்கு சொல்லித் தரணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

அடிப்படை உரிமைகள் மொத்தம் எத்தனை?

ஆறு. சமத்துவம், சுதந்திரம், சுரண்டலுக்கு எதிரான உரிமை, மத சுதந்திரம், பண்பாடு மற்றும் கல்வி உரிமை, இதெல்லாம் பறிபோனா கோர்ட்டுக்கு போற உரிமை. 12 முதல் 35 வரைக்கும் உள்ள பிரிவுகள். முன்ன ஏழா இருந்துச்சு, சொத்துரிமைய 1978ல 44வது திருத்தத்துல எடுத்துட்டாங்க. எடுத்துட்டாங்கன்னா உங்க நெலத்த யாரு வேணா புடுங்கலாம்னு அர்த்தம் இல்ல, சட்டப்படி இல்லாம யாரோட சொத்தையும் அரசு எடுக்கக்கூடாதுன்னு 300ஏ பிரிவு இன்னும் இருக்கு.

இன்னொன்னு, எல்லா உரிமையும் குடிமக்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. பேச்சு சுதந்திரம், நாட்டுல எங்க வேணா போய் குடியிருக்கற உரிமை இதெல்லாம் குடிமக்களுக்கு. ஆனா சட்டத்தின் முன் சமம்ங்கற 14, உயிர் வாழற உரிமை 21, கைது சம்பந்தமான 22 இதெல்லாம் இந்திய மண்ணுல இருக்கற எல்லாருக்கும். முகாம்ல இருக்கற இலங்கைத் தமிழர்களுக்கும் இது பொருந்தும், நெறைய பேருக்கு, அவங்களுக்கே கூட, இது தெரியறதில்ல.

டீக்கடைல தனி கிளாஸ் வைக்கறாங்க, இது அரசமைப்புச் சட்டத்துல வருமா?

நேரா வருது. கடை, ஹோட்டல், கிணறு, குளம், படித்துறை இங்கெல்லாம் சாதி பாத்து யாரையும் தடுக்கக்கூடாதுன்னு 15வது பிரிவுலயே இருக்கு. கிணறுன்னு குளம்னு பேர் சொல்லி எழுதிருக்காங்கன்னா அத எழுதினவங்களுக்கு தாகம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு. 17வது பிரிவு தீண்டாமைய ஒழிச்சாச்சு, எந்த உருவத்துல கடைப்பிடிச்சாலும் குற்றம்னு சொல்லுது. இரட்டைக் குவளை அந்த "எந்த உருவத்துல" வரும். 1989ம் வருஷத்து வன்கொடுமை தடுப்புச் சட்டத்துல புகார் குடுங்க, அந்த கேஸ விசாரிக்கறது டிஎஸ்பி ரேங்க்குக்கு கீழ உள்ள அதிகாரியா இருக்கக்கூடாது. புகார்ல எந்தக் கடை, என்னிக்கு, எத்தன மணி, யார் முன்னாடி, கிளாஸ் எப்படி தனியா வச்சிருந்துச்சுன்னு எழுதுங்க. "எங்க ஊர்ல தீண்டாமை இருக்கு"ன்னு பொதுவா எழுதினா பைல்ல தூங்கிடும்.

எல்லாரும் சமம்னா இடஒதுக்கீடு எப்படி சரி?

இந்தக் கேள்விய வருஷா வருஷம் கவுன்சிலிங் சமயத்துல கேப்பாங்க. இதோட கதையே நம்ம ஊர்ல தான் ஆரம்பிச்சுது. சென்னை மாகாணத்துல வகுப்புவாரி அரசாணைன்னு ஒன்னு இருந்துச்சு, மெடிக்கல், இன்ஜினியரிங் சீட்ட சமூகவாரியா பிரிச்சு குடுக்கற ஆணை. அரசமைப்புச் சட்டம் வந்த உடனே அத எதிர்த்து செண்பகம் துரைராஜன் வழக்கு போட்டாங்க, 1951ல உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. தமிழ்நாடே கொதிச்சுது, பெரியார் போராட்டம் நடத்தினாரு, அதே வருஷம் நாடாளுமன்றம் முதலாவது சட்டத்திருத்தத்த கொண்டு வந்து, சமூகத்துலயும் கல்வியிலயும் பின்தங்கினவங்களுக்கு தனி ஏற்பாடு செய்யலாம்னு 15(4) ன்னு ஒரு உட்பிரிவ சேத்துச்சு. பிற்பாடு 1992ல மண்டல் வழக்குல 50 சதவீதம் வரைக்கும் தான்னு உச்ச நீதிமன்றம் வரம்பு வச்சப்போ, நம்ம 69 சதவீதத்த காப்பாத்த 1994ல 76வது திருத்தம் மூலமா நம்ம சட்டத்த ஒம்பதாவது அட்டவணைல சேத்தாங்க, கோர்ட் ரத்து பண்ணாம சட்டங்கள பாதுகாக்கறதுக்குன்னு இருக்கற பட்டியல் அது.

சரி, கேள்விக்கு நேரடி பதில். ஒரே கோட்டுல நிக்காதவங்கள ஒரே மாதிரி நடத்தறத சமம்னு அரசமைப்புச் சட்டம் சொல்லல. நான் இத முழுசா நம்பறேன், எங்க வீட்டுல மொத டிகிரி வாங்கினது நான் தான்.

ராத்திரில போலீஸ் வந்து "சும்மா விசாரணை"ன்னு கூட்டிட்டு போனா என்ன பண்றது?

பெருசா எழுதறேன், பொறுமையா படிங்க. வீட்டுல இருக்கற பெரியவங்களுக்கும் படிச்சு காட்டுங்க.

22வது பிரிவு நாலு விஷயம் சொல்லுது. கைதுக்கு காரணம் சொல்லணும். உங்களுக்கு பிடிச்ச வக்கீல கலந்து பேச விடணும். பயண நேரத்த கழிச்சு 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்துல இருக்கற மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். அவர் உத்தரவு இல்லாம அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட வச்சிருக்கக்கூடாது. இதோட டி.கே.பாசு வழக்குல 1996ல உச்ச நீதிமன்றம் சொன்னது: கைது மெமோ எழுதணும், அதுல நேரமும் தேதியும் இருக்கணும், குடும்பத்துல ஒருத்தரோ ஊர் பெரியவங்களோ சாட்சி கையெழுத்து போடணும், சொந்தக்காரங்களுக்கு தகவல் சொல்லணும், கைது பண்ற போலீஸ்காரர் பேர் தெளிவா தெரியற மாதிரி பேட்ஜ் போட்டிருக்கணும், கஸ்டடில 48 மணி நேரத்துக்கு ஒரு தடவ டாக்டர் பாக்கணும். ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றம்னா எடுத்த எடுப்புல கைது பண்ணாம, நோட்டீஸ் குடுத்து வரச்சொல்லணும், கைது பண்ணியே ஆகணும்னா காரணத்த எழுதி வைக்கணும்னு 2014ல அர்னேஷ் குமார் தீர்ப்புல இருக்கு.

பெண்கள சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம், விடியறதுக்கு முன்னாடி கைது பண்ணக்கூடாது, தவிர்க்க முடியாத நெலமைன்னா பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்ட்ரேட் கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். சாட்சி விசாரணைக்குன்னா பெண்கள், 15 வயசுக்கு கீழ உள்ள பசங்க, 60 தாண்டின ஆண்கள், உடம்பு முடியாதவங்க இவங்கள ஸ்டேஷனுக்கு வான்னு சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்து தான் கேக்கணும்.

எங்க தெருவுல நடந்தத சொல்றேன். பத்தொம்பது வயசுப் பையன், செல்போன் சர்வீஸ் கடைல வேல. ராத்திரி பதினோரு மணிக்கு மஃப்டில ரெண்டு பேர் வந்து பைக்ல ஏத்திட்டு போயிட்டாங்க. அவன் அம்மா எங்க கதவ தட்டி "தம்பி, கூட்டிட்டு போயிட்டாங்கப்பா"ன்னு நிக்கறாங்க, கையில கேஸ் சிலிண்டர் பில்லு, அதுக்குப் பின்னாடி பென்சில்ல "11.10, ரெண்டு பேர், கறுப்பு பைக்"ன்னு வண்டி நம்பரோட எழுதிருக்காங்க, அந்த பதட்டத்துலயும் அந்த அம்மாவுக்கு எழுதணும்னு தோணிருக்கு பாருங்க. ஸ்டேஷனுக்கு போனோம். நான் சத்தம் போடல, "சார், கைதா விசாரணையா? கைதுன்னா மெமோல நான் சாட்சி கையெழுத்து போடறேன், விசாரணைன்னா காலைல பத்து மணிக்கு நாங்களே கூட்டிட்டு வர்றோம்"னு மட்டும் கேட்டேன். ஏட்டய்யா அந்த பில்ல வாங்கி திருப்பிப் பாத்தாரு, உள்ள போனாரு. அர மணி நேரத்துல பையன வெளிய விட்டாங்க, காலைல போனோம், வேற யாரோ வித்த திருட்டு போன பத்தி ரெண்டு கேள்வி, முடிஞ்சுது. எல்லா எடத்துலயும் இப்படி முடியும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எத்தன மணிக்கு கூட்டிட்டு போனாங்கன்னு எழுதி வைங்க, 24 மணி நேரம் எண்ண ஆரம்பிக்கறது அங்க இருந்து தான்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு, தடுப்புக் காவல், அதாவது இனிமே குற்றம் செய்யலாம்னு சொல்லி முன்கூட்டியே உள்ள வைக்கறது. குண்டாஸ்னு சொல்றோமே 1982ம் வருஷத்து தமிழ்நாடு சட்டம், அதுல இந்த 24 மணி நேர விதி பொருந்தாது, ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். ஆனா அதுலயும் காரணத்த எழுதிக் குடுக்கணும், அந்த ஆவணம் அவங்களுக்கு புரியற மொழில இருக்கணும், அந்த உத்தரவு சரியான்னு பாக்கற அறிவுரைக் கழகம் முன்னாடி வைக்கணும். மொழிபெயர்ப்பு தரலன்னே பல குண்டாஸ் உத்தரவ ஹைகோர்ட் ரத்து பண்ணிருக்கு, அதனால குடுத்த பேப்பர்ல ஒரு தாளக் கூட தொலைக்காதீங்க.

ஸ்டேஷன்ல புகார வாங்கவே மாட்டேங்கறாங்க?

வாரண்ட் இல்லாமயே போலீஸ் கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு 2013ல லலிதா குமாரி வழக்குல அஞ்சு நீதிபதி பெஞ்ச் சொல்லிருக்கு. எங்க எல்லை இல்லன்னும் திருப்பி அனுப்ப முடியாது, ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அவங்களே அனுப்பணும், இது 2024 ஜூலை 1ல அமலுக்கு வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயே எழுதிட்டாங்க. எஃப்ஐஆர் காப்பி இலவசம். பல எடத்துல சிஎஸ்ஆர் ரசீது மட்டும் குடுத்து அனுப்புவாங்க, அது புகார் வந்துச்சுங்கறதுக்கு சாட்சி தானே ஒழிய எஃப்ஐஆர் இல்ல. அப்பவும் நடக்கலன்னா அதே புகார எஸ்பிக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க, அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட். தபால் ரசீத ஒட்டி வைங்க.

பேச்சுரிமைன்னா என்ன வேணா பேசலாமா?

முடியாது. 19வது பிரிவு பேச்சு சுதந்திரத்த குடுத்துட்டு, எந்தெந்த காரணத்துக்காக "நியாயமான" கட்டுப்பாடு போடலாம்னும் சொல்லுது: நாட்டோட பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, கோர்ட் அவமதிப்பு, குற்றத்துக்கு தூண்டறது இந்த மாதிரி. மந்திரிய விமர்சிக்கறது அந்த லிஸ்ட்ல இல்ல.

பேசாம இருக்கறதும் இந்த உரிமைல அடங்கும். கேரளால மூணு பிள்ளைங்க, அவங்க மத நம்பிக்கைப்படி தேசிய கீதத்த பாட மாட்டாங்க, ஆனா மரியாதையா எழுந்து நிப்பாங்க. ஸ்கூல்ல இருந்து நீக்கிட்டாங்க. 1986ல உச்ச நீதிமன்றம் அவங்கள திரும்ப சேத்துக்க சொல்லுச்சு. அந்தத் தீர்ப்ப படிக்கும்போது எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, ஒரு தேசம் மூணு சின்ன பிள்ளைங்களோட மனசுக்காக எறங்கி வந்திருக்கு.

தனியுரிமைன்னு ஒன்னு சட்டத்துல இருக்கா?

அந்த வார்த்தை இல்ல. ஆனா 2017 ஆகஸ்ட் 24ல புட்டசாமி வழக்குல ஒம்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல, 21வது பிரிவுல இருக்கற உயிரும் தனிமனித சுதந்திரமும்ங்கறதுக்குள்ள தனியுரிமை இருக்குன்னு சொல்லிட்டாங்க. சின்ன பிரிவு தான் 21, ஆனா பிழைப்புக்கான உரிமை, இலவச சட்ட உதவி எல்லாம் இதுக்குள்ள இருந்து தான் கோர்ட் எடுத்துச்சு. பிள்ளைங்க படிப்புக்கு 2002ல 21ஏ ன்னு தனியாவே சேத்துட்டாங்க, 6ல இருந்து 14 வயசு வரைக்கும் இலவச கட்டாயக் கல்வி.

தனியார் முதலாளி மேல அடிப்படை உரிமை மீறல்னு கேஸ் போடலாமா?

பொதுவா இந்த உரிமைகள் அரசாங்கத்துக்கு எதிரா தான். கம்பெனில சம்பளம் தரலன்னா அது தொழிலாளர் சட்டம். ஆனா சில பிரிவுகள் தனி மனுஷங்களையும் கட்டுப்படுத்தும்: தீண்டாமை பத்தின 17, கட்டாய உழைப்ப தடுக்கற 23, 14 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்கள ஃபேக்டரி, சுரங்கத்துல வேலைக்கு வைக்கக்கூடாதுங்கற 24.

23 தான் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் பொருந்தறது. அட்வான்ஸ் வாங்கிட்ட, கழியற வரைக்கும் குடும்பத்தோட இங்க தான் இருக்கணும், சாவுக்கு கூட ஊருக்குப் போகக்கூடாதுன்னு சொன்னா அது கொத்தடிமை முறை. 1976ம் வருஷ சட்டப்படி அந்தக் கடனே செல்லாது, திருப்பித் தர வேண்டாம். வருவாய்க் கோட்டாட்சியருக்கோ (ஆர்டிஓ) கலெக்டருக்கோ யார் வேணா தகவல் சொல்லலாம், சொந்தக்காரங்களா இருக்கணும்னு இல்ல. "வாங்கின காச எப்படிங்க குடுக்காம இருக்கறது"ன்னு அவங்களே தயங்குவாங்க, அந்த நேர்மையத் தான் முதலாளி பூட்டா மாட்டி வச்சிருக்கான்.

உரிமை பறிபோனா எங்க போறது? காசு இல்லன்னா?

32வது பிரிவுப்படி நேரா உச்ச நீதிமன்றம், 226வது பிரிவுப்படி ஹைகோர்ட். அம்பேத்கர் 32வது பிரிவ இந்த சட்டத்தோட இதயம், ஆன்மான்னு சொன்னாரு. நடைமுறைல நமக்கு ஹைகோர்ட் தான், சென்னைலயோ இல்ல 2004ல தொறந்த மதுரைக் கிளைலயோ ரிட் மனு போடுவாங்க. ஆள் எங்கன்னு தெரியல, போலீஸ் கூட்டிட்டு போனதா சந்தேகம்னா ஆட்கொணர்வு மனு. அதிகாரி செய்ய வேண்டிய வேலைய செய்யலன்னா மேண்டமஸ், "என் மனுவ இத்தன வாரத்துக்குள்ள பரிசீலிச்சு முடிவெடுங்க"ன்னு உத்தரவு கேக்கறது.

காசு இல்லன்னா சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, மாவட்ட கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ், தாலுகா அளவுலயும் உண்டு. பெண்கள், குழந்தைங்க, எஸ்சி எஸ்டி மக்கள், மாற்றுத்திறனாளிகள், காவல்ல இருக்கறவங்க இவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமயே வக்கீல் இலவசம். 15100க்கு ஃபோன் பண்ணலாம்.

இங்கிலீஷ் தெரியாது, தமிழ்ல மனு குடுத்தா எடுத்துப்பாங்களா?

எடுத்துக்கணும். குறை தீர்க்கக் கேட்டு எந்த அதிகாரிக்கும் மாநிலத்துலயோ ஒன்றியத்துலயோ புழங்கற எந்த மொழிலயும் மனு குடுக்கலாம்னு 350வது பிரிவு சொல்லுது. மத்திய அரசு ஆபீஸுக்கும் இது பொருந்தும். ஒரு தடவ ஒரு ஆபீஸ்ல இங்கிலீஷ்ல எழுதிட்டு வாங்கன்னு ஒரு பாட்டிய திருப்பி அனுப்பிட்டாங்க, நாங்க மனுவோட மொத வரியா "அரசமைப்புச் சட்டம் 350வது பிரிவின்படி தமிழில் அளிக்கப்படும் மனு"ன்னு சேத்து மறுநாள் குடுத்தோம், சீல் வச்சு வாங்கிட்டாங்க. ஹைகோர்ட்லயும் உச்ச நீதிமன்றத்துலயும் மட்டும் வழக்கு மொழி இன்னும் இங்கிலீஷ் தான், அது 348வது பிரிவு, அத மாத்தணும்னு வக்கீல்கள் ரொம்ப வருஷமா போராடறாங்க.

மனு குடுத்த அப்புறம் என்னாச்சுன்னு தெரியணும்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "என் மனு மேல எடுத்த நடவடிக்கை என்ன, எந்த தேதில எந்த அலுவலர் கிட்ட இருந்துச்சு"ன்னு கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும், உயிர் சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரம். வரலன்னா மேல்முறையீடு.

ஓட்டு போடறதும் அடிப்படை உரிமையா?

அந்த ஆறுல வராது. 326வது பிரிவும் தேர்தல் சட்டங்களும் குடுக்கற உரிமை. ஆனா சுதந்திரம் வாங்கின கையோட, பெரும்பாலானவங்க எழுதப் படிக்கத் தெரியாம இருந்த நாட்டுல, சொத்து படிப்பு எதுவும் பாக்காம எல்லாருக்கும் ஓட்டுன்னு முடிவெடுத்தது எவ்வளவு பெரிய துணிச்சல்! 21 வயசா இருந்தது 1989ல 18 ஆச்சு.

பெரும்பான்மை இருக்கற அரசாங்கம் நெனைச்சா இதையெல்லாம் மாத்திடலாமா?

திருத்தலாம், 2023 வரைக்கும் 106 திருத்தம் வந்திருக்கு. ஆனா அடித்தளத்த இடிக்க முடியாது. காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தோட தலைவர் கேசவானந்த பாரதி மடத்து நெலத்துக்காக போட்ட வழக்கு, 13 நீதிபதிகள், 68 நாள் வாதம், 1973 ஏப்ரல் 24ல 7க்கு 6னு தீர்ப்பு. ஒரே ஒரு ஓட்டு. அதுல தான் அடிப்படைக் கட்டமைப்ப நாடாளுமன்றம் தொட முடியாதுன்னு ஆச்சு.

அதே கோர்ட் தவறியும் இருக்கு, அதையும் சொல்லணும். நெருக்கடி நிலைல, 1976ல, உள்ள போட்டவங்க ஆட்கொணர்வு மனு கூட போட முடியாதுன்னு நாலு நீதிபதிகள் சொன்னாங்க, எச்.ஆர்.கன்னா ஒருத்தர் மட்டும் எதிர்த்து எழுதினாரு, அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி போச்சு. பிறகு 1978ல 44வது திருத்தம் வந்து, நெருக்கடி நிலைலயும் 20, 21 பிரிவுகள நிறுத்தி வைக்க முடியாதுன்னு ஆச்சு. அந்த பழைய தீர்ப்ப 2017ல, முன்ன சொன்ன தனியுரிமை வழக்குலயே, தப்புன்னு தூக்கிப் போட்டாங்க.

முழுசா படிக்கணும், எங்க ஆரம்பிக்கறது?

தமிழ்லயே கெடைக்குது. மொத பக்கத்துல இருந்து போனா பாதில விட்டுடுவீங்க, நடுவுல கவர்னர், நிதிப் பகிர்வுன்னு நெறைய வரும். முகவுரைய படிங்க, அப்புறம் 14, 15, 17, 19, அதுக்கப்புறம் 21, 22 மெதுவா, பிறகு 32. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போதும். புரியாத வரிய பென்சில்ல கோடு போட்டு வச்சு, தெரிஞ்ச வக்கீல் யார் கிட்டயாவது கேளுங்க. 22வது பிரிவ மட்டும் ஒரு தாள்ல எழுதி, 15100 நம்பரையும் கீழ சேத்து, கதவு பின்னாடி ஒட்டி வைங்க. எங்க தெருவுல இப்ப பதினாலு வீட்டுல அந்தத் தாள் இருக்கு, மொத தாள் ஒட்டினது அந்த பையனோட அம்மா.